ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்: இன்ஜினியரிங்கோட வரலாறும் படிக்கலாமா?

[திரையில்: கல்லணை, மேலிருந்து. தண்ணிச் சத்தம் மட்டும்.]

இந்த அணைக்குக் கீழ பாறை கிடையாது. வெறும் ஆத்து மணல். அந்த மணல் மேல நிக்கிற கல்லைப் பார்த்து, இங்கிலாந்துல படிச்சுட்டு வந்த ஒரு இன்ஜினியர் பாடம் கத்துக்கிட்டார். என்ன பாடம்னு சொல்றேன். ஸ்கிப் பண்ணாதீங்க, பின்னாடி ஒரு பங்காளிச் சண்டையும் இருக்கு.

வணக்கம் மக்களே. கவுன்சிலிங் சீசன் வந்தா என் இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "அண்ணா, எனக்கு வரலாறு பிடிக்கும், வீட்ல இன்ஜினியரிங் சேரச் சொல்றாங்க." ரெண்டையும் படிக்கிறேன்னு சொன்னா மாமா, சித்தப்பா எல்லாரும் ஒரே குரல்ல, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காதே"ம்பாங்க. டெல்டாக்காரன்கிட்ட போய் இதைச் சொல்லலாமா? நடவு சமயத்துல நாங்க வேற எங்க நிப்போம்?

தகவலை மட்டும் கடகடன்னு சொல்லிடுறேன். வரலாறு மாதிரி படிப்புகளுக்கு லிபரல் ஆர்ட்ஸ்னு பேரு. அப்படின்னா படம் வரையறது இல்ல. வரலாறு, தத்துவம், மொழி, பொருளாதாரம், அறிவியலும்கூட, ஒரே ஒரு வேலைக்குன்னு இல்லாம படிக்கிறது. 2022 ஏப்ரல்லேர்ந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அனுமதிக்குது. ரெண்டும் நேர்ல போற படிப்புன்னா வகுப்பு நேரம் மோதக் கூடாது. இல்லேன்னா ஒண்ணு நேர்ல, இன்னொண்ணு தொலைநிலையிலயோ ஆன்லைன்லயோ. சேர்றதுக்கு முன்னாடி உங்க காலேஜ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கும்பகோணத்துல போய் "ரெண்டு டிகிரி"ன்னு கேட்டீங்கன்னா டவரா செட்டோட காபிதான் வரும்.

அமெரிக்காவுல இதுக்கு "மூணு-ரெண்டு"ன்னு ஒரு வழி இருக்கு. மூணு வருஷம் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ், ரெண்டு வருஷம் கொலம்பியா மாதிரி இடத்துல இன்ஜினியரிங், கையில ரெண்டு பட்டம். நம்ம அண்ணா பல்கலைக்கழகமும் 2021 பாடத்திட்டத்துல முதல் வருஷம் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்"னு ரெண்டு பாடம் வச்சிருக்கு. தலா ஒரு கிரெடிட். ஏரியிலேர்ந்து தண்ணி திறந்துவிடச் சோழர் காலத்துல வச்ச குமிழித் தூம்பு வரைக்கும் சிலபஸ்ல இருக்கு. பசங்க அதை முந்தின நாள் ராத்திரி படிச்சா போதும்னு தள்ளி வைக்கிறாங்க. எனக்குக் கடுப்பா இருக்கும்.

சரி, கல்லணை. இங்க கொஞ்சம் நின்னுதான் போவேன், கோவிச்சுக்காதீங்க.

கரிகாலன் கட்டினதுன்னு சொல்றோம். நீளம் 1,080 அடி. நேர்கோடு இல்ல, பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். ஆத்துல முழங்கால் தண்ணி ஓடுறப்ப அசையாம நின்னு பாருங்க. குதிகாலுக்குக் கீழ மணல் நழுவும், கால் மெல்ல உள்ள இறங்கும். கல்லைப் போட்டாலும் அப்படித்தான். இறங்குதேன்னு பயப்படாம, இறங்கட்டும்னு விட்டு, மேல இன்னொரு கல்லு, நடுவுல களிமண்ணு. இதுக்கு மேல இறங்க மாட்டேன்னு கல்லே சொல்ற வரைக்கும்.

அந்த இன்ஜினியர் ஆர்தர் காட்டன். அவர் காலத்துல காவிரி மணல் மேடேறி, தண்ணியெல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. தஞ்சாவூர்ச் சீமை காஞ்சுது. கல்லணையில மணலை அடிச்சு வெளியேத்துற மதகு, அதாவது மணற்போக்கி வச்சார், 1836ல முக்கொம்புல மேலணை கட்டினார். ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுறதை அந்தப் பழைய ஆளுங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். பின்னாடி கோதாவரியில தவளேஸ்வரத்துல அவர் கட்டின அணைக்கும் அதே பாடம்தான் போச்சு. இங்கிலீஷ் அகராதியில "அனிகட்"னு ஒரு சொல் இருக்கே, நம்ம அணைக்கட்டுதான். பாடத்தோட பேரையும் சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!

பழைய கல்லுக் குவியல்னு அவர் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காம, ஏன் இப்படிக் கட்டினாங்கன்னு கேட்டார். கல்வெட்டு படிக்கிறவன் கேக்குற கேள்வி அது. 2018 ஆகஸ்ட்ல மேலணையில 9 ஷட்டர் அடிச்சுட்டுப் போச்சு, கல்லணை நின்னுச்சு. கை தட்டாதீங்க, ரெண்டும் ஒரே மாதிரி கட்டுமானம் இல்ல.

[திரையில்: காஞ்ச வாய்க்கா, மதகுல ஒரு மரப்பலகை.]

இப்ப சண்டைக்கு வருவோம். நான் சிவில். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குப் பேராவூரணி பக்கம் கடைமடையில, அதாவது தண்ணி கடைசியா வந்து சேர்ற இடத்துல, ஒரு வாய்க்காலை அளக்கப் போனோம். வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வேகமா ஓடும்னு கணக்குப் போடுற மேனிங் ஃபார்முலா: சரிவு, குறுக்களவு, தரையோட சொரசொரப்பு. மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்பு 0.025னு போட்டோம். கணக்குப்படி கடைசி வயலுக்கும் தண்ணி பாயணும். ஒருத்தருக்கொருத்தர் கைகுலுக்கிக்கிட்டோம். வரப்புல உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டிருந்த பெரியவர் கேட்டார்:

"என்ன தம்பி, தண்ணி வருமாமா?"

"வரும் தாத்தா, கணக்கு சரியா வருது."

"கணக்கு வந்துரும். தண்ணி மேமடையைத் தாண்டணுமே. ராத்திரியில பலகை போட்டுருவான். எங்க சித்தப்பா மவன்தான். பாகம் பிரிச்சதுலேர்ந்து பேச்சு வார்த்தை கெடையாது."

வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு அவரே சொன்னார்: "முன்னல்லாம் முறை வச்சுப் பாச்சுனோம். அதுக்குன்னே ஊருக்கு ஒரு ஆளு. அறுப்புல அவருக்கு நெல்லு அளப்போம். அளக்கறத நிறுத்துனோம், பலகை வந்துருச்சு."

மேனிங் ஃபார்முலாவுல பங்காளிக்கு எழுத்தே இல்ல மக்களே! அந்த ஆளுக்கு நெல்லு அளக்கறது ஏன் நின்னுச்சு? அது வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் மூணும் கலந்த கேள்வி. எங்க காலேஜ்ல அந்த மூணு டிபார்ட்மென்டும் கிடையாது. பெரியவர் சொன்னதை ரிப்போர்ட்ல ஒரு பாராவா எழுதினேன். கைடு சிவப்புப் பேனாவால அடிச்சு, ஓரத்துல "தேவையற்றது"ன்னு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன்.

எதிர்வாதம் ஒண்ணும் இருக்கு, அதுவும் நம்ம ஊர்லேர்ந்தே. கும்பகோணம் அரசுக் கல்லூரி, காவிரிக் கரை. 1904ல உதவித்தொகையோட அங்க சேர்ந்த ஒரு பையன் கணக்கைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்கல. இங்கிலீஷ்ல கோட்டை விட்டார், உதவித்தொகை போச்சு. அப்புறம் சென்னையில பச்சையப்பன் கல்லூரி, அங்க உடலியல் காலை வாரிருச்சு. அவர்தான் ராமானுஜன். அதனால எல்லாரும் எல்லாத்தையும் படிச்சே ஆகணும்னு சொல்றவங்க கட்சியில நான் இல்ல. ஆசைப்பட்டுக் கேக்குற பிள்ளையைத் தடுக்காதீங்கங்கறதுதான் என் கட்சி.

உங்க வீட்ல இந்த வருஷம் யாராவது இன்ஜினியரிங் சேர்றாங்கன்னா, கூட ரெண்டாவதா என்ன டிகிரி வேணும்னு கேட்டு கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணா படிப்பேன். "காபி"ன்னு போடுறவங்களுக்கு ஹார்ட் கிடையாது.