பீரோவைத் திறந்துவிடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசை மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் பேச்சுக்கு இத்தனை பேரைத் திரட்டிய விழாக் குழுவினருக்குத் தனி நன்றி.

காந்தத்தன்மை எங்கிருந்து வருகிறது, பொருள்களில் எத்தனை வகை, பூமி ஏன் காந்தமாக இருக்கிறது என்று மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1820-ஆம் ஆண்டு. கோபன்ஹேகனில் ஏர்ஸ்டெட் என்ற பேராசிரியர் உரையாற்றுகிறார். மேசையில் மின்கல அடுக்கு, மெல்லிய பிளாட்டினக் கம்பி, பக்கத்தில் ஒரு காந்த ஊசி. கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் ஊசி லேசாக அசைந்தது. அவ்வளவுதான்! கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனால் அவர் விட்டாரா? இன்னும் வலுவான மின்கல அடுக்கை வைத்து மறுபடி செய்து பார்த்தார். கம்பிக்குக் கீழே ஊசியை வைத்தால் ஒரு பக்கம் திரும்புகிறது, மேலே வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்புகிறது! அப்படியானால் காந்த விளைவு கம்பியைச் சுற்றி வட்டமாக இருக்கிறது என்று பிடித்துவிட்டார். ஜூலை மாதம் நான்கே பக்கத்தில் லத்தீனில் அச்சிட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். செப்டம்பரிலேயே பாரிஸில் ஆம்பியர் அதைத் தொடர்ந்தார். 1831-இல் ஃபாரடே காந்தத்தை அசைத்து மின்சாரமே எடுத்தார். எல்லாம் கையால் செய்து பார்த்தவர்கள், ஐயா! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சரி, பொருள்களுக்கு வருகிறேன். இரும்புக்குள் டொமைன் என்ற நுண்ணிய பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை ஆளுக்கொரு திசை பார்த்து நின்றால் இரும்புத் துண்டு சும்மா கிடக்கும். ஒரே திசைக்குத் திரும்பினால் காந்தமாகிவிடும். தேனிரும்பு அந்த ஒழுங்கை எளிதில் இழந்துவிடும், எஃகு விடாமல் வைத்துக்கொள்ளும். 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் இரும்பின் ஃபெர்ரோ காந்தத்தன்மை, அதாவது வலுவான காந்தமாகும் குணம், போய்விடும். அலுமினியம் பாரா காந்தப் பொருள், லேசாக ஈர்க்கப்படும். பிஸ்மத் டயா காந்தப் பொருள், விலகும்.

இதைப் படித்து மனப்பாடம் செய்வதில் என்ன இருக்கிறது? பிள்ளைகளிடம் தையல் ஊசியைக் கொடுத்துக் காந்தத்தின் ஒரு முனையால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேய்க்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் சரிவராது. காகிதத் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். அப்புறம் ஊசியை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முனை! இதைப் பார்த்த பிள்ளைக்குத் தனி முனை கிடையாது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

பூமியின் காந்தத்தைத் தொட நேரமில்லை. தலைவர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஆய்வக பீரோவில் பூட்டிக் கிடக்கும் சட்டக் காந்தங்களை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உடைந்தால் உடையட்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். தீர்மானம் இந்த மேடையிலேயே நிறைவேறட்டும். நன்றி, வணக்கம்.