செம்போடு சேர்ந்தால் மருந்துக்கு ஏன் வேகம் கூடுகிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “சேர், ஒரு சேதனச் சேர்வை தனியாகப் பற்றீரியாவைக் கொஞ்சமாகத்தான் தடுக்கிறது. அதையே செம்போடு இணைத்துச் சிக்கற் சேர்வை ஆக்கினால் அகார்த் தட்டில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பற்றீரியா வளராத தெளிவான வட்டம் பெரிதாகிறதே, ஏன்?” இரண்டு நாளாக இந்தக் கேள்வி என் கூடவே திரிகிறது, மகள். அவ்வளவு நல்ல கேள்வி.

பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு என் எண்ணெய்க் கதை தெரியும். திரும்பவும் சொல்கிறேன். நல்லெண்ணெயில் உப்பைப் போடுங்கள், கரையாமல் அடியில் கிடக்கும். பற்றீரியாவின் மென்சவ்வு கொழுப்பு. ஏற்றமுள்ள செப்பு அயனுக்கு உப்பின் குணம், இலகுவில் உள்ளே போகாது. இணையி, அதாவது செம்போடு இணையும் அந்தச் சேதனச் சேர்வை, அதைக் கவ்விக்கொண்டால் கதை மாறுகிறது. திருகோணமலைச் சந்தையில் நண்டு வாங்குபவர்களுக்குக் கொடுக்கின் பிடி தெரியும். இப்படிக் கவ்விய சேர்வைக்குக் கீலேற்று என்று பெயர்; அந்தப் பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அப்படிப் பிடித்ததும் அயனின் நேரேற்றம் இணையியோடு பகிரப்படுகிறது, வெளிப்புறம் கொழுப்போடு ஒத்துப்போகிறது, சவ்வைக் கடப்பது சுலபமாகிறது. ட்வீடி என்ற ஆய்வாளரின் பெயரால் சொல்லப்படும் விளக்கம் இது. ஆனால் வெறும் செப்பு உப்பையும், சேர்வையைக் கரைத்த கரைப்பானையும் தனித்தனியே தட்டில் வைத்துப் பார்க்காமல் அந்த வட்டத்தை நம்பிவிடாதீர்கள்.

சரி, இதே பிடி நம் வயிற்றில் நடந்தால்? யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். என் அம்மம்மாவுக்கு ஒருமுறை டெட்ராசைக்ளின் என்ற பற்றீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தார்கள். “குளிசை சூடு” என்று ஒவ்வொரு வேளையும் எருமைத் தயிரோடு விழுங்கினார். ஒரு கிழமையாகியும் காய்ச்சல் குறையவில்லை. தயிரிலுள்ள கல்சியத்தை மருந்து கவ்விக்கொள்கிறது. அந்தச் சேர்வையில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். சிப்ரோபுளொக்சசின் என்ற இன்னொரு பற்றீரியா எதிர்ப்பு மருந்தும் அப்படித்தான். இரும்புக் குளிசை, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் உலோக அயன் உள்ள மருந்து ஆகியவற்றோடு இவற்றை விழுங்கினாலும் இதே சிக்கல் உண்டு. மருந்து தருபவரிடம் எவ்வளவு நேரம் இடைவெளி விடவேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதே டெட்ராசைக்ளின் பற்றீரியாவுக்குள் போய், அது புரதம் செய்யும் இடமான ரைபோசோமில் உட்காரும்போது, மக்னீசியம் அயனைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறது. குடலில் கல்சியம் மருந்தைக் கெடுக்கிறது, அங்கே மக்னீசியம் அதன் வேலையை நடத்திக் கொடுக்கிறது. கொடுக்கு ஒன்றுதான்!

ஆகவே மகள், உங்கள் செப்புச் சேர்வையிடமும் அடுத்து இதைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளே போன பிறகு செம்பு இணையியை விட்டுப் பிரிகிறதா, சேர்ந்தே இருக்கிறதா? வட்டத்தின் அளவை வைத்து அதைச் சொல்லமுடியாது.