ஒரு லாரியில் எத்தனை மாங்காய்? நேர்காணலில் இப்படிக் கேட்பது எதற்காக?

[காட்சி: ஓசூர் சிப்காட். கையில் கோப்புடன் காத்திருக்கும் இளைஞர்கள்.]

குரல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டிப்ளமோ முடித்த பலர் வேலை தேடி வருவது ஓசூருக்குத்தான். லேத், வெல்டிங், தரக் கட்டுப்பாடு என்று விழுந்து விழுந்து படித்துவிட்டு உள்ளே போனால், "ஒரு லாரி நிறைய பெங்களூரா மாங்காய். மொத்தம் எத்தனை காய் இருக்கும்?" என்கிறார் அதிகாரி. எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனால் வேலை கொடுப்பவருக்கு இதில் நிறையத் தெரிந்துவிடுகிறது.

[காட்சி: மாங்காய் லாரி. பக்கத்தில் கணக்கு எழுதப்படுகிறது.]

குரல்: "லாரி எத்தனை டன் ஏற்றும்?" என்று திருப்பிக் கேட்பவரை உடனே கவனிக்க வேண்டும். 10 டன் என்று வைத்துக்கொள்வோம். காய் ஒன்று 400 கிராம் என்றால் மொத்தம் 25,000 காய். இப்போது அதிகாரி, "மழை பொய்த்துவிட்டது, காய் 250 கிராம்தான்" என்கிறார். கணக்கு 40,000 ஆக வேண்டும். பதற்றமில்லாமல் மாற்றுகிறாரா, முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறாரா? பாதி ஷிப்டில் மெஷின் நின்றால் இவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. இந்த இரண்டு நிமிடம் கொஞ்சமாவது சொல்லும்.

இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் பெயரால் வழங்கும் தோராயக் கணக்கு இது. சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது அந்த வகையில் புகழ்பெற்ற கேள்வி.

[காட்சி: விமானமும் கோல்ஃப் பந்துகளும்.]

குரல்: இதற்கு மறுப்பும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்கள் வெறும் நேர விரயம் என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். கேட்பவர் தன்னை அறிவாளியாக உணர்வதற்குத்தான் அவை உதவுகின்றன என்பது அவர் கருத்து. விடையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆகவே பட்டறை நடத்துபவர்களே, வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். ஆளின் பேச்சு பிடித்துப்போய் மதிப்பெண் போடுவது அப்போதுதான் குறையும்.

[காட்சி: நேர்காணல் அறையில் ஓர் இளம்பெண்.]

குரல்: "அப்பா என்ன செய்கிறார்? எந்தத் தெரு? கல்யாணம் எப்போது?" இவையும் சும்மா கேட்பது போலத்தான் தோன்றும். தெருப் பெயரில் சாதியைத் தேடுகிறார்கள். கல்யாணப் பேச்சில், இந்தப் பெண் எத்தனை நாள் நிலைப்பாள் என்று கணக்குப் போடுகிறார்கள். வேலைத் திறமைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவற்றைக் கேட்கவே கூடாது.