தொழுவத்துக்கு வரும் விருந்தினர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் உறவினர்களின் பிள்ளைகள், பையை இறக்கி வைத்ததும் முதலில் ஓடுவது மாட்டுத் தொழுவத்துக்குத்தான். 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை போன்ற இடங்களைப் பார்க்க மாணவர்களும் விவசாயிகளும் ஆவலோடு வருகிறார்கள். இந்த ஆவலைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கன்றின் நெற்றியைத் தடவிப் பார்த்து வளரும் குழந்தைக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காத அறிவு கிடைக்கிறது. ஆனால் மாட்டின் குணம் வளர்ப்பவருக்குத் தெரியும், வருபவருக்குத் தெரியாது. ஆகையால் வருபவரின் பாதுகாப்புக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து. "போய்ப் பார்த்துவிட்டு வா கண்ணு" என்று குழந்தையைத் தனியே அனுப்பாமல், உள்ளே நுழைவதிலிருந்து வெளியே வரும்வரை வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் நடக்க வேண்டும்.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால் அதற்குச் சுற்றிலும் பெரும்பகுதி தெரியும். ஆனால் நேர் பின்புறம் தெரியாது. அந்தப் பக்கமாக யாராவது சத்தமில்லாமல் நெருங்கினால், எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும் அஞ்சி உதைத்துவிடும். ஆகவே விருந்தினரைப் பக்கவாட்டில், மாடு பார்க்கும்படி, மெல்லப் பேசிக்கொண்டே அழைத்துச் செல்லுங்கள். கன்று ஈன்று சில நாட்களே ஆன தாய்ப்பசுவின் அருகில் வெளியாரை விடவே கூடாது. ஆண்டு முழுவதும் உங்கள் கையில் தவிடு தின்ற பசுவாக இருந்தாலும், கன்றுக்கும் தனக்கும் நடுவே புதியவர் ஒருவர் வந்து நின்றால் அது முட்ட வரும். பொலிகாளையையும் கிடாவையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும்.

விருந்தினரால் கால்நடைக்கு வரும் ஆபத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். போச்சம்பள்ளியிலோ காரிமங்கலத்திலோ குந்தாரப்பள்ளியிலோ சந்தைக்குப் போன ஒருவர், அதே செருப்போடு உங்கள் தொழுவத்துக்கு வந்தால், செருப்பில் ஒட்டிய சாணத்தோடு, மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கோமாரி நோயின் கிருமியும் வரக்கூடும். கோமாரி மனிதருக்கு நோயாக வருவதில்லை என்றே சொல்லலாம். எனினும் மனிதரின் உடையிலும் கையிலும் காலணியிலும் ஒட்டி ஊர் விட்டு ஊர் செல்லும். தொழுவத்து வாசலில் ஓர் அகன்ற தட்டில், ஒரு லிட்டர் நீருக்கு 40 கிராம் என்ற அளவில் சலவைச் சோடா கரைத்து வையுங்கள். காலணியில் உள்ள சாணத்தை முதலில் தேய்த்துக் கழுவிய பிறகே அதில் கால் வைக்க வேண்டும், ஏனென்றால் சாணம் படிந்திருந்தால் கரைசல் கிருமியைச் சென்றடையாது. மாடு வாங்க வரும் தரகருக்கும் இதே முறைதான். அவர் ஒரே நாளில் பல தொழுவங்களுக்குள் நுழைகிறவர் என்பதால் அவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. சுற்றிக் காட்டும்போது இளங்கன்றுகளை முதலிலும் பெரிய மாடுகளைப் பிறகும் காட்டுங்கள்; நோயுற்ற மாட்டிடம் யாரையும் அழைத்துச் செல்லாதீர்கள்.

மாட்டுப் பொங்கலன்று வருகிறவர்கள் அன்பு மிகுந்து ஆளுக்கொரு வாளி பொங்கலையும் சோற்றையும் மாட்டுக்குக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதிக அளவில் மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் அங்கே அமிலம் பெருகி மாடு படுத்துவிடும். சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. ஒரு கைப்பிடிப் பொங்கல் படையலுக்குப் போதும். மீதிக்குப் பசும்புல்லோ சோளத்தட்டோ கொடுக்கச் சொன்னால் விருந்தினருக்கும் மகிழ்ச்சி, மாட்டுக்கும் நலம்.

இனி, கால்நடையிடமிருந்து மனிதருக்கு வருவன. கறந்த சூட்டோடு பாலைக் குடிக்கக் கொடுப்பது நம் பக்கத்தில் பெரிய உபசாரமாகக் கருதப்படுகிறது. காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும், மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கன்று வீச்சு நோயின் (புருசெல்லோசிஸ்) கிருமியும் இருக்கக்கூடும். ஆகவே பொங்கக் காய்ச்சிய பாலையே கொடுங்கள். மாட்டையோ கோழிக்குஞ்சையோ தொட்ட கையைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிய பிறகுதான் எதையும் உண்ண வேண்டும். சாணம் படிந்த கையில் சானிடைசர் தடவுவதால் பயனில்லை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும், அவர்களைத் தாக்கும் வயிற்றுப்போக்கு கடுமையாகிவிடும். கர்ப்பிணிகள் ஆடோ மாடோ ஈனும் இடத்தில் நிற்கவே கூடாது. மாடு கன்று வீசியிருந்தால் நஞ்சுக்கொடியை யாரும் வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் போடப்படுகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

பண்ணை நாயை விருந்தினர் வருமுன் கட்டிப்போடுங்கள். ஆண்டுதோறும் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அப்படியும் கடித்துவிட்டால் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைக்காமல், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர் திரும்பிய விருந்தினருக்குச் சில வாரங்களுக்குள் விட்டுவிட்டுக் காய்ச்சலோ மூட்டுவலியோ கண்டால், தான் கால்நடைகளோடு இருந்துவந்ததை மருத்துவரிடம் சொல்லும்படி, அவர் புறப்படும்போதே சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு செய்தி இல்லாமல் மருத்துவர் கால்நடையிடமிருந்து வரும் நோய்களை எண்ணிப் பார்ப்பது கடினம்.

நன்றி, வணக்கம்.