போனில் வைத்தியம் பார்த்தால் சட்டம் என்ன சொல்கிறது?

[திரையில்: வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மருந்துச்சீட்டுப் படம்]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோடு போட்ட தாளில் மூன்று மாத்திரைப் பெயர்கள். பக்கத்தில் 1-0-1. கீழே ஒரு கையெழுத்து. எழுதியவர் யார், என்ன படித்தவர், யாருக்காக எழுதினார், என்றைக்கு எழுதினார்? எதுவுமே இல்லை. இதை மெடிக்கல் ஷாப்பில் காட்டி மருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெலிமெடிசினுக்கு, அதாவது போன், வீடியோ வழியாகப் பார்க்கும் வைத்தியத்துக்கு, சட்டம் கேட்கும் மருந்துச்சீட்டு இது இல்லை. வேறு என்ன கேட்கிறது? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 2018 பிப்ரவரியில் மகாராஷ்டிரா மாநிலம் ரத்னகிரியில், சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு உடம்பு மோசமாகி, மறுபடியும் அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது டாக்டர்கள் ஊரில் இல்லை. போனில் சொன்னதை வைத்தே மருந்து கொடுக்கப்பட்டது. அந்தப் பெண் இறந்துவிட்டார். அந்த வழக்கில் டாக்டர்கள் கேட்ட முன்ஜாமீனை 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. நோய் என்னவென்று கண்டறியாமல் மருந்து எழுதுவது தண்டனைக்குரிய அலட்சியம் என்றும் சொன்னது. அது ஜாமீன் கட்டத்தில் வந்த கருத்துதான், இறுதித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் நாடு முழுக்க டாக்டர்களிடையே ஒரு பயம் பரவியது. போனை எடுத்தாலே வழக்கு வந்துவிடுமோ என்ற பயம்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் டெலிமெடிசின் நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அப்போது இருந்த நிர்வாகக் குழு (Board of Governors), மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்குடன் சேர்ந்து இவற்றைத் தயாரித்தது. மே மாதம் இதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் ஐந்தாம் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். இந்தச் சேர்ப்பு ரொம்ப முக்கியம். இதை மீறினால், ஏதோ ஒரு அறிவுரையைக் கேட்கவில்லை என்பதோடு போகாது. தொழில் ஒழுங்கீனம் ஆகிவிடும். மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம்.

சரி, டெலிமெடிசின் என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கத்தையே இந்த விதிகளும் எடுத்துக்கொள்கின்றன. நோயாளியும் மருத்துவரும் தூரத்தில் இருக்கும்போது, தகவல் தொழில்நுட்பம் வழியாக நோயைக் கண்டறிவது, சிகிச்சை தருவது, நோயைத் தடுப்பது எல்லாம் இதில் அடங்கும். வீடியோ கால், சாதாரண போன் பேச்சு, வாட்ஸ்அப் மெசேஜ், இமெயில் எதுவும் ஆகலாம். தூரத்திலிருந்து கருவி வைத்து அறுவைச் சிகிச்சை செய்வது இந்த விதிகளுக்குள் வராது.

இதில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். போன் வைத்தியம் என்று தரம் குறைந்த ஒரு வைத்தியம் சட்டத்தில் கிடையாது. டாக்டர் போனில் உங்களுக்கு மருந்து சொன்ன நிமிடமே நீங்கள் அவருடைய நோயாளி. நேரில் பார்த்தால் என்ன கவனம் காட்ட வேண்டுமோ, அதே கவனத்தைத்தான் இங்கேயும் சட்டம் எதிர்பார்க்கிறது. தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது என்ற எல்லையைச் சட்டம் புரிந்துகொள்கிறது. ஆனால் அந்த எல்லையை உணர்ந்து, “இது போனில் முடிகிற விஷயம் இல்லை, நேரில் வாங்க” என்று சொல்வதும் டாக்டரின் கடமைதான். “போன்லதானே சொன்னேன்” என்பது ஒரு பதிலே ஆகாது.

[திரையில்: பேசத் தொடங்கும் முன்]

இரண்டு பக்கமும் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் தன் பெயரையும் தகுதியையும் சொல்ல வேண்டும். பதிவு எண்ணை மருந்துச்சீட்டு, ரசீது, இணையதளம் எல்லாவற்றிலும் காட்ட வேண்டும். அடுத்தது ஒப்புதல். நீங்களாக டாக்டரைக் கூப்பிட்டால், அந்த அழைப்பே ஒப்புதல். கிராமத்து நர்ஸோ வேறொரு டாக்டரோ உங்களுக்காகத் தொடங்கினால், நீங்கள் வெளிப்படையாகச் சம்மதம் சொல்ல வேண்டும். டாக்டர் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதியில் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம், அந்த உரிமை இருவருக்கும் உண்டு. நீங்கள் நேரில் வரத் தயாராக இருந்தும் டாக்டர் போன்தான் என்று வற்புறுத்தினால், அதையே விதிகள் ஒழுங்கீனம் என்கின்றன. பலருக்கும் தெரியாத விஷயம் இது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். சில தோல் களிம்புகள், கண் சொட்டு மருந்துகளை முதல் தடவையே எழுதலாம், ஆனால் வீடியோவில் பார்த்துத்தான். ஏற்கெனவே நேரில் பார்த்து, அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் மறுபடி பேசுகிறீர்கள் என்றால், பிரஷர் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்ப்பது போன்றதைச் செய்யலாம். மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து), கெட்டமின் (மயக்க மருந்து) போன்றவற்றுக்குப் போனில் இடமே இல்லை. தூக்க மாத்திரைகள் பலவும் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், போனில் கேட்டால் டாக்டர் மறுப்பார். அவர் மறுப்பது சரிதான், கோபப்படாதீர்கள்.

மருந்துச்சீட்டில் டாக்டரின் பெயர், தகுதி, பதிவு எண், நோயாளியின் பெயர், வயது, தேதி, கையெழுத்து இத்தனையும் வேண்டும். புகைப்படமாகவோ ஸ்கேனாகவோ அனுப்பலாம். அதை நேராக ஒரு மருந்துக்கடைக்கு அனுப்ப உங்கள் சம்மதம் கட்டாயம். எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஒரே கடையைக் கைகாட்டும் செயலிகளைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். செயலிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம். தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது.

ஜிபேயில் பணம் அனுப்பினீர்களா? ரசீது கேளுங்கள், தர வேண்டியது அவர் கடமை. 1995-இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. 2019-இன் புதிய நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். டாக்டர் சென்னையில், நீங்கள் போடியில் என்றால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். டெலிமெடிசினைப் பொறுத்தவரை இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சாட், ரசீது, மருந்துச்சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

கமெண்டில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: “நான் துபாயில் இருக்கிறேன், திருநெல்வேலி டாக்டரிடம் எனக்காகப் பேசலாமா?” பேசலாம், ஆனால் இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனை இந்த விதிகளுக்குள் வராது. இதுவரை சொன்ன பாதுகாப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. அந்த நாட்டுச் சட்டம் வேறு. ஊரில் இருக்கும் அம்மாவுக்காக என்றால் வழி இருக்கிறது. அம்மா பக்கத்தில் இருக்க, வீட்டில் ஒருவர் அவருக்காகப் பேசலாம். மறதி நோயாலோ உடல் முடியாமையாலோ அம்மாவால் பேச முடியாது என்றால், பார்த்துக்கொள்கிறவர் பேசுவதைச் சட்டமே ஏற்கிறது. அப்படி இல்லாமல் அம்மா பக்கத்திலும் இல்லை என்றால், உறவைக் காட்டும் ஆவணமோ எழுத்துப்பூர்வ அனுமதியோ வேண்டும். அல்லது அடுத்த முறை டாக்டரிடம் நேரில் போகும்போது, “இவன்தான் எனக்காகப் பேசுவான்” என்று அம்மாவையே சொல்ல வைத்துவிடுங்கள்.