700 மெகாஹெர்ட்ஸில் ஆசியா போட்ட கோடு

அவையோருக்கு வணக்கம்.

தூத்தூரிலும் கொளச்சலிலும் படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டின் 16-ஆம் சேனல், எந்த நாட்டுக் கடலுக்குப் போனாலும் 156.8 மெகாஹெர்ட்ஸ்தான். செல்போன் அப்படியில்லை. அலைக்கற்றைக்காக உலகை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் முதல் மண்டலம், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது, நாம் மூன்றாவது.

பழைய டிவி ஒளிபரப்பு காலிசெய்த 698 முதல் 806 வரையிலான 108 மெகாஹெர்ட்ஸை எப்படி வெட்டுவது? அமெரிக்கா சிறு துண்டுகளாக வெட்டியது. 2010-இல் ஆசிய பசிபிக் நாடுகள் சேர்ந்து வேறு கோடு போட்டன: போன் பேச 703–748, கோபுரம் பேச 758–803. நடுவில் 10, கீழே 5, மேலே 3 காலி இடம். ஒரு சிக்கல் வந்தது. வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போனில் உண்டு; 45 அகலத்தையும் ஒரே வடிகட்டியில் பிடித்து, 10 இடைவெளியில் சத்தத்தைத் தடுக்க அன்றைய கருவியால் முடியவில்லை. அதனால் 30 அகலத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வடிகட்டிகள்; நடுவில் 15 மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக.

பிரேசிலும் மெக்சிகோவும் பக்கத்து வீட்டு அமெரிக்காவின் திட்டத்தை விட்டு இதை எடுத்தன. எந்த அலை எதற்கு என்று எல்லா நாடுகளும் கூடி முடிவு செய்யும் உலக வானொலி மாநாடு 2012-இல் ஜெனீவாவில் நடந்தது. அதில் ஆப்பிரிக்க, அரபு நாடுகள் ஒன்றாக நின்று 694–790-ஐ செல்போனுக்குக் கேட்டு வாங்கின. ஐரோப்பா அதற்குத் தயாராகவே வரவில்லை. பின்னர் ஐரோப்பா எடுத்தது 703–733, 758–788. நம் கீழ் வடிகட்டி அப்படியே! வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவரின் போன் அங்கேயும் இதே அலையைப் பிடிப்பது இதனால்தான்.

மாநாட்டில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. ஆனால் ஓட்டெடுப்பு அரிது. ஒத்த கருத்தோடு வரும் வட்டாரக் குழுவின் தாளே மேசையில் நிற்கும். வருத்தம் என்னவென்றால், 2016-லும் 2021-லும் விலை அதிகம் என்று இந்தியாவில் 700-ஐ யாரும் ஏலம் கேட்கவில்லை, 2022-இல்தான் விற்றது.

அடுத்த மாநாடு 2027, ஷாங்காய். சாதாரண போனே செயற்கைக்கோளோடு பேச 694 முதல் 2700 மெகாஹெர்ட்ஸுக்குள் எங்கே இடம் என்பது ஒரு பொருள். ஆழ்கடலுக்குப் போகும் நம்மவருக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. ஆனால் வானிலிருந்து விழும் கற்றை கடல் எல்லையைப் பார்த்து நிற்காது. மன்னார் வளைகுடாமேல் விழுவது இலங்கைக் கோபுரத்தின் அலையிலேயே இருந்தால், அங்குள்ள போனில் இரைச்சல் ஏறும். தரையில் எவ்வளவு திறன் விழலாம் என்ற வரம்பு எண்ணை ஆசிய ஆயத்தக் கூட்டங்களிலேயே இலங்கை, மாலத்தீவோடு பேசி எழுதிவிட வேண்டும். ஆய்வறிக்கை மாநாட்டுக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். ஷாங்காயில் போய்க் கணக்குப் போட நேரம் இருக்காது.