ஜூலை முப்பத்தொன்றுக்கு ஐந்து நாள் தள்ளிப் பிறந்தவர்கள்
(ஊர்ப்புற நூலகம் ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

அம்மாமார்களே, அப்பாமார்களே, கதவோரம் நின்றபடியே கேட்கிற தாத்தாமார்களே! உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடுடா" என்றார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டேன். அவரே ஒரு தேதி போட்டுக்கொண்டார். இந்தக் கூட்டத்தில் ஜூன் மாதம் பிறந்ததாகச் சான்றிதழ் சொல்கிற தாத்தாமார் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்... பார்த்தீர்களா!

இப்போது காதைத் தொட வேண்டாம்; ஜூலை 31-ஐத் தொட்டால் போதும். நம் தமிழ்நாட்டில் அந்தத் தேதிக்குள் மூன்று வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. மத்திய அரசு நடத்துகிற கேந்திரிய வித்யாலயாவில் கணக்கு வேறு. அங்கே மார்ச் 31-க்குள் ஆறு முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு, 2022-23 முதல் அப்படித்தான். மத்திய அரசு வேலை, அடிக்கடி மாற்றல் என்று இருக்கிறவர்கள் இதை முன்கூட்டியே கவனியுங்கள். இங்கே ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அங்கே இடம் கேட்டுப் போனால் வயது இடிக்கும்.

முன்வரிசையில் ஒரு தாயார் சற்று முன் என்னிடம் கேட்டார்: "எங்க பொண்ணு பொறந்தது ஆகஸ்ட் அஞ்சாந் தேதி சார், அப்பதான் மூணு முடியுது. அஞ்சு நாளுக்காக ஒரு வருஷம் வீணாப் போகுதே?" எந்த வருஷம் அம்மா வீணாகிறது? வகுப்பில் மூத்த பிள்ளையாக இருப்பது நஷ்டமா? நான் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன். பிறந்த தேதியைக் கொஞ்சம் முன்னதாக மாற்றிப் போட்டு, வயது நிறையும் முன்பே சேர்த்த பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். புத்திசாலிதான், பட்டென்று பதில் சொல்லும். ஆனால் டவுசர் பட்டனைப் போடத் தெரியாமல் கழிப்பறை வாசலில் நின்று அழும்.

மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகவில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் 'ஏ' எழுது என்கிறோம். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போடச் சொல்லிப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கும், வாய் தானாக "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும். அந்தப் பிடிதான் பின்னால் பென்சிலைப் பிடிக்கும். கொட்டை வாய்க்குள் போகாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே சேர்ப்பது? பணம் கட்டுகிற இடங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சுவரொட்டியே சொல்கிறது. மாண்டிசோரி என்று பலகை தொங்கினால் உள்ளே போய்ப் பாருங்கள். மாண்டிசோரி என்பது அந்தக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலி நாட்டு அம்மையாரின் பெயர்; அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் பிள்ளை தானே பொருளை எடுத்து, வேலை செய்து, திரும்ப இடத்தில் வைக்கும். பலகை மட்டும் மாண்டிசோரி, உள்ளே வரிசையாய் பெஞ்சு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இலவச இடம் கேட்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அது பள்ளி தொடங்குகிற வகுப்பில் மட்டும். எல்.கே.ஜி.யில் தொடங்குகிற பள்ளியில் யு.கே.ஜி.க்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

அங்கன்வாடியை ஏனோ நாம் சோறு போடுகிற இடமாக மட்டும் பார்க்கிறோம். 1975 அக்டோபர் 2-இல் அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதில் ஒரு பகுதி. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அம்மா, உங்கள் பெண்ணுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதே, அங்கன்வாடியில் இப்போதே சேர்க்கலாம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் நீங்களும் பாயில் உட்காருங்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மற்ற பிள்ளைகளோடு அவளும் தூங்கிவிட்டால், சத்தம் போடாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.